அம்மா பார்க்காத வலது பக்கம்

நம் ஊரில் ஸ்கூட்டர், மோட்டார் பைக்கின் பின் ஸீட்டில் புடவையோடு உட்கார்ந்து போகும் பெண்மணிகளை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? (தப்பாக நினைக்காதீர்கள், ஒரு ஆராய்ச்சிக்காகத்தான்!) இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, இடது பக்கமே பார்த்துக்கொண்டு போவார்கள். சாலையின் வலது பாதி அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

'திரும்பி வரும்போது அந்தப் பக்கம் இடது பக்கமாகிவிடுமே' என்று கணக்கில் புலியான வாசகர்கள் மடக்கலாம். வாஸ்தவம். ஆனால் திரும்பி வரும்போது இருட்டிவிடும் ஸார்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. அப்பாவின் பஜாஜ் சேட்டக்கில் முப்பது வருஷம் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றிய என் அம்மா பார்த்ததெல்லாம் பற்றுப் பக்கம் மட்டும்தான். வரவுப் பக்கம் பாக்கி.

அந்த இடது பக்கமும் ஒருநாள் நின்று போயிற்று. மடிப்பாக்கத்தில் பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீட் பிரேக்கர். அப்பா பிரேக் போட்டார், வண்டி நின்றது, அம்மா நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் அம்மா வண்டியில் ஏறவே இல்லை. அப்பாவும் சேட்டக்கை விற்றுவிட்டார். இப்போது அப்பாவும் இல்லை.

"கார் எடுத்துப் போகலாமே" என்பீர்கள். அம்மாவுக்கும் ஏ.ஸி. காருக்கும் ஏழாம் பொருத்தம். நங்கநல்லூரில் ஏறினால் கிண்டி வருவதற்குள் கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் கவர். பஸ் என்றாலும் அதே கதி. ஆகவே 63 வயது அம்மாவின் உலகம் கோயில், கறிகாய்க் கடை, மருந்துக் கடை என்று ஆட்டோ போகும் தூரத்துக்குச் சுருங்கிவிட்டது.

ஒருநாள் டி.வி.யில் மாமல்லபுரத்தைக் காட்டினார்கள். "கல்யாணமான புதுசுல அப்பாவோட போனது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பேக்ரெஸ்ட் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

* * *

பின்னால் உட்காருபவருக்கு என்ன நேர்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வண்டி வேகமெடுத்தால் உடம்பு பின்னால் போகும். பிரேக் போட்டால் முன்னால் வரும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தவருக்கு முன்னால் ஓட்டுபவரின் முதுகு இருக்கிறது. பின்னால்தான் வெட்டவெளி. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கோ இரண்டுமே தோள் திசையில் வழுக்கல். ஊன்றிக்கொள்ள எதிர்க்கால் கிடையாது.

நம் சட்டம் புடவையை மறந்துவிடவில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி: பின் ஸீட் உள்ள வண்டியில் நிரந்தரக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பைத்தான் 'ஸாரி கார்டு' என்கிறோம். முதுகைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை. அது நம் பொறுப்பு.

என் வண்டி புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வாரிசு. ராணுவமும் போலீஸும் எல்லையில் ரோந்து போவதற்காக இந்தியாவுக்குள் வந்த வண்டி. சிப்பாய்க்குச் சாய்மானம் எதற்கு என்று விட்டிருப்பார்கள் போல.

* * *

வண்டிக்கு அலங்காரம் என்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சுருக்கமாக ஜி.பி. ரோடு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஸீட் கவர், ஹாரன், விளக்கு என்று இரண்டு பக்கமும் கடை. நடைபாதையிலேயே ஒருவர் காருக்குக் கறுப்பு மேட் வெட்டிக்கொண்டிருப்பார்.

"இன்னா வண்டி ஸார்?"

"புல்லட். அம்மா உட்காரணும்."

கடைப் பையன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, மண்டையோடு படம் போட்ட பேக்ரெஸ்ட்டைத் திரும்ப உள்ளே வைத்தான். 2,400 ரூபாயில் ஆரம்பித்து 1,800-ல் முடிந்தது. "மாட்டறதுக்கு முன்னூறு ஸார்" என்றான். வேண்டாம் என்றேன். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அம்மா சாயப் போகிற கம்பியை யாரோ அவசரமாக முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஞாயிறு காலை. கீழே பார்க்கிங்கில் பழைய பெட்ஷீட்டை விரித்து, 13-ம் நம்பர் ஸ்பேனர் இரண்டு, துணி, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தேன். பின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றி, அதே துளையில் பேக்ரெஸ்ட்டின் பட்டையையும் சேர்த்து மறுபடி போல்ட் போட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

எதிர் ஃபிளாட் மாமா வந்து நின்றார். ரயில்வேயில் ரிடையர் ஆனவர். "ஒரு எஞ்சினையே பிரிச்சு மாட்டினவன் நான்" என்றார். டிக்கெட் செக்கராக இருந்தவர் எப்போது எஞ்சினைப் பிரித்தார் என்று நான் கேட்கவில்லை. டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமே!

போல்ட்டைப் போட்டுப் பார்த்தால் நுனி நட்டுக்குள் எட்டிப் பார்க்கிறதே தவிர, வெளியே வரவில்லை. பட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் சின்ன போல்ட்டாகப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"நாலு மரை பிடிச்சிருக்கே, போதும்பா" என்றார் மாமா.

போதாது ஸார். நட்டை முழுக்க முறுக்கிய பிறகு போல்ட் நுனி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். நட்டில் பாதி மரை காலியாக இருந்தால், பின்னால் ஒருவர் சாயச் சாயக் கம்பி நெம்புகோல் மாதிரி வேலை செய்து, ஒரு நாள் போல்ட்டைப் பிடுங்கிவிடும். அன்றைக்கு இன்னொரு மணிக்கட்டு!

* * *

நல்ல போல்ட்டுக்குப் புதுப்பேட்டை. எழும்பூருக்குத் தெற்கே, கூவத்தை ஒட்டிய வண்டி மயானம் அது. மயானம் என்பதும் சரியில்லை, அங்கே எல்லாவற்றுக்கும் மறுபிறவி உண்டு. ஒரு சந்தில் கதவுகளாக அடுக்கியிருக்கும், அடுத்த சந்தில் கியர் பாக்ஸ்கள், அதற்கடுத்ததில் சைலன்ஸர்கள். புதுப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு மிர்ரர் வாங்கப் போனவருக்கு, அவர் வண்டி மிர்ரரையே கழற்றி விற்றார்கள் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. நான் போன கடைக்காரர் என் சின்ன போல்ட்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "எட்டு எம்.எம்." என்று கண்ணாலேயே அளந்து சொன்னார். பத்து மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக நாலு போல்ட், நாலு ஸ்பிரிங் வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நாலு நட் கொடுத்தார். அந்த நட்டுக்கு 'நைலாக்' என்று பெயர். அதிர்ச்சியில் தானாகக் கழன்று வராது.

"யாருக்கு தம்பி?"

"அம்மாவுக்கு."

"அப்ப ரெண்டு எச்சா வச்சுக்க" என்று இன்னும் இரண்டு நட்டைப் போட்டார். காசு வாங்கவில்லை.

மறுபடி பார்க்கிங். மறுபடி மாமா. நாலு போல்ட்டையும் முதலில் விரலாலேயே இரண்டு சுற்று மட்டும் ஏற்றினேன். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளை பொருந்தாமல் அடம் பிடிக்கும். நாலும் உட்கார்ந்த பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக் குலுக்கி, போல்ட் நுனி டயரிலோ இண்டிகேட்டர் ஒயரிலோ உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையவில்லை. கடைசியாக மெத்தையைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன். வண்டியே ஆடியது, பேக்ரெஸ்ட் ஆடவில்லை.

* * *

இனிதான் நிஜமான சிக்கல். பேக்ரெஸ்ட் என்பது நேராக உட்காருபவருக்கு. புடவையில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் அது முதுகில் படாது, விலாவில் குத்தும். அம்மா 63 வருஷத்தில் முதல் தடவையாகச் சுடிதார் போட வேண்டும்!

"எனக்கெதுக்குடா இதெல்லாம்? பாக்கறவா சிரிப்பா."

எதிர் ஃபிளாட் மாமிதான் காப்பாற்றினார். "நான் வாக்கிங் போறப்ப போடலியா? யார் சிரிச்சா?" என்று, தன்னுடைய நீலக் கலர் சுடிதாரையே கொண்டு வந்து கொடுத்தார். ஹெல்மெட்டுக்குள் கொண்டை நுழையாததால் அம்மாவின் தலைமுடி பின்னலாக மாறியது. கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, "உங்கப்பா பார்த்தா என்ன சொல்லுவார்?" என்றாள். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியில்லை.

ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. பேக்ரெஸ்ட் இருக்கும் வண்டியில் காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. ஓட்டுபவருக்கும் சாய்மானத்துக்கும் நடுவே காலை நுழைக்க வேண்டும். வண்டியைப் போர்டிகோ படியை ஒட்டி நிறுத்தி, நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். படி மேலிருந்து அம்மா சுலபமாக வந்து உட்கார்ந்தாள்.

காலை ஆறு மணி. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய் அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. அம்மாவின் இரண்டு கைகளும் என் தோளில் இருந்தன. 'இருந்தன' என்பது மரியாதைக்கு. கொக்கி மாதிரி மாட்டியிருந்தன. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது.

"அம்மா, பின்னால சாஞ்சு பாரேன்."

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பனையூர் தாண்டியது, உத்தண்டி தாண்டியது. கானாத்தூர் பக்கம் ஒரு நாய் குறுக்கே வர, பிரேக் போட்டுவிட்டு மறுபடி வேகமெடுத்தேன். அந்த நேரத்தில்தான் அம்மாவின் முதுகு பின்னால் போய் மெத்தையில் பட்டிருக்க வேண்டும். "அட, இருக்கே!" என்றாள். வலது தோளில் பாரம் குறைந்தது.

பிறகு முட்டுக்காடு பாலம். போயிருப்பவர்களுக்குத் தெரியும். இடது பக்கம் தண்ணீர் கடலைத் தேடிப் போகும் முகத்துவாரம். வலது பக்கம் அகன்ற காயல், அதில் படகுத் துறை. என் இடது தோளும் லேசானது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள், டென்னிஸ் மேட்ச் பார்ப்பவர் மாதிரி.

"ரெண்டு பக்கமும் தண்ணியாடா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு ஒரு பக்கம்தான் பார்த்தேன்."

அதற்கப்புறம் நேரடி வர்ணனைதான். "கோவளமா இது? அதோ முதலைப் பண்ணை! வலது பக்கம் எத்தனை மரம் பாரு." 'ரோட்டைப் பார்த்து ஓட்டு' என்று சொன்ன அதே அம்மா!

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாம் பார்த்தோம். அம்மா அதிக நேரம் நின்றது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை முன்னால். சரிவான பாறையில் ஒட்டுக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறது. சுமார் 250 டன் என்கிறார்கள்.

"இதுக்கு எந்தக் கடையில போல்ட் வாங்கினாளாம்?" என்றாள்.

திரும்பும்போது ஏறுவதற்கு ஒரு படி தேவைப்பட்டது. மாமல்லபுரத்தில் கல்லுக்கா பஞ்சம்!

உங்களில் யாராவது மாட்டுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நாலு போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒன்று கால் சுற்று ஏறியது. சாய்மானம் இருக்கிறதே என்று குழந்தையைத் தூங்க வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். அது சாயத்தான், கட்டிப்போட அல்ல. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நீலச் சுடிதாரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது பீரோவில் அம்மாவுக்கே சொந்தமாக இரண்டு இருக்கின்றன. நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டா, ஜி.எஸ்.டி. ரோட்டுல வலது பக்கம் என்ன இருக்கு?"