பீட்டருக்கு மிருதங்கம் எதற்கு?

‘சர்வம் தாள மயம்’ படத்துக்கு எங்கள் வட்டத்தில் யாருமே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்கவில்லை. நாங்களும்தான். 2019 பிப்ரவரியில் அது திரைக்கு வந்தபோது ‘காலா’வும் ‘பரியேறும் பெருமாளு’ம் பார்த்த சூடு ஆறியிருக்கவில்லை. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவைத் தலைநிமிர்ந்து மேடையேற்றியிருந்தது. அந்தக் கண்ணோடு போய் உட்கார்ந்தால், தலித் கிறித்தவப் பையன் ஒருவன் வேம்பு ஐயர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்கிற படம் எப்படிப் பிடிக்கும்? ‘இது குருபக்திப் படம் தோழர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம்.

அந்தத் தீர்ப்பில் பாதியையாவது இப்போது திரும்பப் பெறுகிறோம்.

குறைகளை மறைக்கப் போவதில்லை. சாதி என்பது ஒரு நல்ல ஐயர் மனம் மாறினால் தீர்ந்துவிடும் சிக்கல் போலத்தான் ராஜீவ் மேனன் கதையைக் கொண்டுபோகிறார். ஊர் ஊராகப் போய்த் தாளம் கற்கும் பகுதி சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது. முடிவைத் தொலைக்காட்சிப் போட்டி மேடையில் கொண்டுபோய் வைத்தது சலிப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று: மகன் வாசிப்பவனாக உயர்ந்தால் போதும் என்று கதை நிற்கிறது. மிருதங்கம் செய்யும் அப்பா ஜான்சனின் வேலையும் ஒரு கலைதான், அதற்கும் மேடை வேண்டும் என்று அது கேட்கவில்லை.

ஆனால் அந்த அப்பாவைத் திரையில் கொண்டுவந்ததே இந்தப் படம்தானே? சபாவில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களுக்கு மிருதங்கம் என்றால் தெய்வீக நாதம். அது எப்படி உருவாகிறது என்று யாரும் பேசுவதில்லை. பலாக்கட்டையைக் குடைய வேண்டும். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். முடி களைந்து, பதம் பார்த்து, அளவாக வெட்டி, மூட்டு தைக்க வேண்டும். உடம்பு முழுவதையும் கொடுத்து வாரை இழுத்துக் கட்ட வேண்டும். வலந்தலையின் கறுப்புப் பொட்டுக்குக் கல்பொடியையும் சோற்றையும் அரைத்து, அடுக்கடுக்காகத் தடவி, தேய்த்துத் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். வித்வானின் காதுக்கு நிகரான காது செய்பவருக்கும் இருந்தால்தான் இது நடக்கும். அந்தக் காது பெரும்பாலும் தலித் கிறித்தவருடையது. பாலக்காடு மணி ஐயர் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய மிருதங்கங்களைச் செய்த பர்லாந்தைத் தெரியும்? டி.எம்.கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு அரங்கு தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் பின்வாங்கியது. புத்தகத்துக்கே இந்தப் பாடு. அதற்கு ஓராண்டு முன்பே, தோல் பதப்படுத்தும் கையையும் அதே வீட்டில் வாசிக்கத் துடிக்கும் கையையும் ஒரு வணிகப்படம் காட்டிவிட்டது.

இதையெல்லாம் எங்களுக்கு உறைக்க வைத்தது விமர்சனக் கட்டுரை எதுவும் இல்லை. எங்கள் மாலைநேர மையத்தில் கோடை விடுமுறையில் இந்தப் படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் வழக்கம்போல் நாங்களே ஆரம்பித்தோம்: பீட்டருக்கு மிருதங்கம் எதற்கு? நமக்குத்தான் பறை இருக்கிறதே, பார்ப்பனர்களின் சான்றிதழ் எதற்கு? எல்லோரும் கைதட்டினார்கள். பறைக்குழுவில் நன்றாக அடிக்கிற பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் பேசாமல் இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து அவன் மிருதங்கம் கற்க வேண்டும் என்று வந்து நின்றான். பக்கத்து நகரில் வீட்டில் வகுப்பு எடுக்கும் ஒருவரிடம் அழைத்துப் போனோம். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று அவர் வரிசையாக விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்களுக்குத்தான் பறை இருக்கே தம்பி, அதையே நல்லாப் பண்ணலாமே” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வெளியே வந்து, இதுதான் நவீனத் தீண்டாமை என்று நாங்கள் பொரிந்து தள்ளினோம். பேருந்து நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே வந்தவன், “அன்னைக்கு நீங்களும் இதைத்தானேக்கா சொன்னீங்க?” என்றான்.

பதில் சொல்ல வரவில்லை.

பறை நம் பெருமைதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சாவு வீட்டில் பறையடிக்க மாட்டோம் என்று அடி வாங்கியவர்களும் நம் தாத்தாக்கள்தான். அதே பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றியவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். மறுத்தது உரிமை, எடுத்துக்கொண்டதும் உரிமை. இந்த இரண்டையும் கொண்டாடுகிற நாம், மூன்றாவதாக ஒரு பிள்ளை வேறொரு தோல்கருவிக்குக் கை நீட்டினால் எல்லைக்கோடு போடுகிறோம். இத்தனைக்கும் அந்தக் கருவி நம் உழைப்பில் பிறந்தது. ‘உனக்கானது இது’ என்று விரல் நீட்டுவது யாருடைய வேலை என்று அம்பேத்கர் படித்த நமக்கா தெரியாது?

பீட்டர் கெஞ்சுகிறான் என்பதுதான் படத்தின் மீது நாம் வைத்த பெரிய குற்றச்சாட்டு. மறுபடி பார்த்தபோது எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. அவன் விஜய் ரசிகன், முதல் நாள் காட்சிக்குக் குத்தாட்டம் போடுகிறவன். அதையெல்லாம் கழுவிவிட்டு வந்தால்தான் இசை வரும் என்று அவன் நம்பவில்லை. தெருவின் தாளத்தோடுதான் அந்த வீட்டுக்குள் போகிறான். (ஜி.வி.பிரகாஷ் இதற்காக உமையாள்புரம் சிவராமனிடம் பயிற்சி எடுத்தார். கை அசைவில் அது தெரிகிறது.) ஆசைப்படுகிற தலித் இளைஞன் போராளியாகவும் இருந்தால்தான் மதிப்பெண் போடுவோம் என்பது நம்முடைய கறார்த்தனம். பதினாறு வயதில் ஒரு சத்தத்தின் மீது பைத்தியம் பிடிக்கும் சுகம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டாமா?

பையனுக்கு இப்போது வேறொரு ஆசிரியர் கிடைத்திருக்கிறார். தெருவையும் விசாரிக்கவில்லை, அப்பாவையும் விசாரிக்கவில்லை. நகத்தை வெட்டிவிட்டு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு கைக்கும் அடங்காத பழைய மிருதங்கம் ஒன்றை இரவல் வாங்கி, தொப்பியில் ரவை அப்பி, மையத்தின் பின்கட்டில் தட்டிக்கொண்டிருக்கிறான். பறைக்குழு ஒத்திகைக்கும் தவறாமல் வருகிறான். அடுத்த மாதம் அதே படத்தை மறுபடி திரையிடுகிறோம். இந்த முறை முதலில் பேசப்போவது அவன்.