நண்டும் புற்றும்

புற்றுநோயை அரபியர் 'சரத்தான்' என்பர். நண்டு என்பது அச்சொல்லின் பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால்களை ஒத்திருக்கக் கண்டு யவன மருத்துவர் இட்ட பெயர் அது. தமிழரோ புற்று என்றனர். இவ்விரு சொற்களையும் ஒப்பிட்டு மாணவர்க்குப் பாடம் சொல்லி மகிழ்ந்தவர் நாம். சென்ற ஆண்டு அச்சொல் நம் வாயிலிலேயே வந்து நின்றது.

நம் இல்லத்தாருக்குச் சென்னையில் மாமோகிராம் எடுத்தார்கள். இடப்புற மார்பகம் வலப்புறத்தை ஒத்திருக்கவில்லை என்றும், ஓரிடத்தில் திசு மிகுந்து தோன்றுவதால் மீண்டும் வரவேண்டும் என்றும் அறிக்கை கூறிற்று. வடக்குப்பட்டுக்குத் திரும்பியதும், "மறுபடி அங்கே போய் நிற்க என்னால் ஆகாதுங்க. அல்லாஹ் விட்ட வழி" என்று சொல்லிவிட்டார். ஒரகடம் சாலையில் பெண் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கம்பெனி பேருந்துகளின் ஓசையைக் கேட்டவாறு நாம் உறங்காதிருந்தோம். மறைந்த நம் தமக்கையாரின் நினைவு வாட்டிற்று. மார்பில் கண்ட கட்டியை அவர் ஓராண்டு மறைத்து வைத்திருந்தார். நாணம் அவர் வாயை அடைத்தது, நாமும் கேட்டோமில்லை. விடிந்ததும் இதனை மனைவியாரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் துப்பட்டியை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இருபுறமும் ஒத்திராமை பலருக்கும் உண்டு. படத்துக்காக அழுத்துகையில் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் அவ்வாறு தோன்றும். சிலரிடத்தில் மட்டுமே அதன் பின்னே புற்று ஒளிந்திருக்கும். அதனைப் பிரித்தறியக் கைநரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து, குறைந்த ஆற்றலிலும் மிகுந்த ஆற்றலிலும் கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுப்பர். கணினி அவ்விரண்டையும் கழித்துப் பார்க்கும். ஏனைய திசு மங்கி, மருந்து தங்கிய இடம் வெண்மையாய் மிளிரும். புற்று தனக்கெனப் புதுக் குருதிக்குழாய்களை வளர்த்துக்கொள்வது, அவை கசிவுடையன, ஆதலின் மருந்து அங்கே தேங்கும். அமெரிக்காவில் இம்முறைக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ உடையவர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். இதுவே முடிந்த முடிவுமன்று: தீங்கற்ற கட்டி சில மிளிரும்; தொடக்கநிலைப் புற்று சில மிளிராது. ஐயம் நீங்காவிடில் ஊசியால் திசுவெடுத்துச் சோதிப்பர்.

நம் இல்லத்தாரின் படத்தில் எதுவும் மிளிரவில்லை. ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, மார்பகப் புற்று சிறிதாயிருக்கையிலேயே முழுதும் அகற்ற வேண்டும் என்றும், முற்றிப் பெருத்ததைத் தாம் குணப்படுத்தியதே இல்லை என்றும் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதிவைத்தார். தம் தங்கையை 1923-இல் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரை மறவாது, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். நாமோ தமக்கையை இழந்தும் வாளாவிருந்தோம்.

நம் பெண்டிர் நாணத்தால் பேசாதிருக்கலாம். ஆடவராகிய நாம் கேளாதிருப்பது நாணமன்று, கடமை தவறுதலே.