வரிசையில் முந்துவதற்கு ஒரு விலை

ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் முதலில் போடும் கணக்கு, ஒரு நாளில் எத்தனை சவாரி என்பதுதான். நுழைவுச்சீட்டின் விலையைப் பார்த்தால் அது நியாயமாகவே படும். ஆனால் அந்தக் கணக்கோடு உள்ளே போனவர்கள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அடுத்த சவாரிக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது.

வரிசையில் முந்த உதவும் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற வசதி 1999இல் வந்தபோது அது இலவசம். சவாரிக்குப் பக்கத்தில் உள்ள எந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், இந்த நேரத்துக்குள் திரும்பி வரலாம் என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். யாராக இருந்தாலும் அதே சீட்டுதான். 2021 அக்டோபரில் அந்த வசதிக்கு விலை வைத்தார்கள்: தலைக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், வரி தனி. இப்போது அது லைட்னிங் லேன் மல்டி பாஸ். நாளைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். பேர்போன சில சவாரிகளுக்குத் தனியாக வேறு கட்ட வேண்டும்.

ஒரு சவாரியில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும். பாஸ் விற்பதால் அந்த எண்ணிக்கை கூடிவிடாது. பாஸ்காரர்கள் முன்னே போகப் போக, சாதாரண வரிசை ஊர்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு மிச்சமான நேரத்தை வேறு வீட்டுப் பிள்ளை நின்று கழிக்கிறது. திருப்பதியில் 300 ரூபாய் தரிசனத்துக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல.

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஃப்ளோரிடா வெயிலில், முழங்கால் வலியுள்ள பாட்டியையும் நான்கு வயதுக் குழந்தையையும் ஒன்றரை மணி நேரம் நிறுத்துவது கொடுமை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் "அவங்க ஏன் அப்பா அங்கேயே நிக்கிறாங்க?" என்று பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: நாம் கூடுதல் காசு கொடுத்தோம், அதனால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். அந்த வயதுக்கு இது நன்றாகவே புரியும். கெட்டிக்காரத்தனத்தால் முந்தினோம் என்று மட்டும் அது நினைத்துவிடக் கூடாது.

காசில்லாமலும் கூட்டத்தைச் சமாளிக்கலாம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தவிருங்கள். கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள். டிஸ்னியின் விடுதியில் தங்கினால் அரை மணி முன்பே விடுவார்கள். கோடையில் பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு, சாயங்காலம் வாருங்கள்.

வரிசையில் நிற்க நேர்ந்தால் அதை வீண் என்று எண்ணாதீர்கள். வேலைக்கு ஓடும் அப்பா, எங்கும் ஓட முடியாமல் மகள் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்பது வருஷத்தில் எத்தனை நாள் வாய்க்கும்? கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சில சவாரிகளுக்கு வரிசை மட்டுமல்ல, உயரமும் தடை: ஸ்பேஸ் மவுண்டன் சவாரியில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். அந்த உயரம் எட்டாத சின்னவனை எங்களைப் போன்ற தாத்தா பாட்டிகளிடம் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே போய் வாருங்கள். அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, வெளியே உட்கார்ந்திருப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.