பச்சைக் கிண்ணங்கள்

சுமார் 1,280 டிகிரி வெப்பத்தில் வெந்த மெருகு எதற்கும் கரையாது என்றே நம்பியிருந்தோம். எங்கள் சூளையில் சுட்ட பச்சைக் கிண்ணமொன்றில் எலுமிச்சைத் துண்டை ஓரிரவு வைத்தோம். விடிந்தபோது அவ்விடம் மட்டும் வெளுத்திருந்தது.

குறை வெப்பத்தில் இல்லை. பட்டுப்போன்ற மங்கல் வனப்பு வேண்டிச் சிலிக்காவையும் அலுமினாவையும் குறைத்தோம். நிறத்துக்கெனத் தாமிர ஆக்சைடை மிகுத்தோம். கண்ணாடியில் இறுகப் பிணையாத தாமிரம் புளிப்பில் கரைந்து வந்தது. (கலவையில் பேரியமும் இருந்திருந்தால்? நினைக்கவே அஞ்சினோம்.)

அதற்குள் ஆறு கிண்ணங்களைப் பெருநாள் அன்பளிப்பாக அண்டை வீட்டாருக்கு அளித்திருந்தோம். அன்று மாலையே சென்று உண்மையைச் சொன்னோம். அவ்வீட்டு மூதாட்டி ஒரு கிண்ணத்திலிருந்த ஊறுகாயை அப்படியே கொட்டிவிட்டு, “ஒன்றை மட்டும் விட்டுச் செல்லுங்கள், ஊசி நூல் போட்டு வைக்கிறேன்” என்றார்.