வாரம் ஒரு காற்று

கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா சிறிய ஊர். மக்கள்தொகை சுமார் 24,000. டிஸ்க் கால்ஃப் போட்டி நடக்கும் வாரத்தில் மட்டும் கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் டிஸ்க் பை மாட்டிய முதுகுகள் தெரியும். 2016-லும் 2022-லும் உலக சாம்பியன் போட்டியே இங்கு நடந்திருக்கிறது. கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள், எவ்வளவு குறைந்த எறிகளில் முடியுமோ அவ்வளவில் டிஸ்க் என்னும் வட்டைப் போடுவதுதான் இந்த ஆட்டம். கணக்கெல்லாம் கால்ஃப் கணக்குதான். வார இறுதிகளில் பூங்காவில் ஆடுகிறவன் நான். போட்டி வந்தால் ஸ்பாட்டராக நிற்பேன். டிஸ்க் எங்கே விழுந்தது என்று பார்த்துக் கொடி காட்டும் தொண்டர் வேலை அது. ஆட்டக்காரர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு வழியில்லை.

அமெரிக்கத் தொழில்முறைச் சுற்று, குளிர் முழுதாக விலகும் முன்பே தெற்கு மாநிலங்களில் தொடங்கிவிடும். முடிய அக்டோபர் ஆகிவிடும். டெக்சஸின் வேக்கோவிலிருந்து எம்போரியாவுக்குச் சுமார் 900 கிலோமீட்டர். அப்புறம் கென்டக்கிக் காடு, வெர்மான்ட் மலை, மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் மரப் பண்ணைக்குள் இருக்கும் மேப்பிள் ஹில், தென் கரோலினாவின் வின்த்ராப் பல்கலைக்கழகம். நடுவில் பின்லாந்துக்கும் பறந்து போய் வருவார்கள். ஞாயிறு மாலை கடைசிக் கூடையை முடித்த கையோடு பலர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். இடுப்பையும் தோளையும் முறுக்கி எறிந்த உடம்பு மணிக்கணக்கில் இருக்கையில் மடங்கிக் கிடக்கும். அடுத்த போட்டி தொடங்குவதற்குள் புது மைதானத்தைப் பழகியாக வேண்டும்.

ஒருநாள் விடிகாலையில், வண்டி நிறுத்துமிடத்தில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளம் ஆட்டக்காரரின் வேன் நின்றது. தரவரிசையின் நடுவில் இருப்பவர். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பலகைக் கட்டில், அதன் கீழே டிஸ்க் அடுக்கிய பெட்டிகள், குறுக்கே கட்டிய கயிற்றில் ஈரத் துண்டுகள். சின்ன கேஸ் அடுப்பில் ஓட்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரே அச்சில் வார்த்த மூன்று டிஸ்க்குகளை எடுத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்று மழமழவென்று புதுசு. இன்னொன்று சில மாதம் ஆடியது. மூன்றாவது மரங்களில் மோதி மோதிச் சொரசொரத்துப் போயிருந்தது. குனிந்து கொஞ்சம் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். அவர் சட்டையிலேயே வந்து ஒட்டியது. பழையதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புதியதைப் பைக்குள் செருகினார்.

காரணம் இருக்கிறது. வலக்கைக்காரர் பின்கை வீச்சில் எறிந்த டிஸ்க், வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். எதிர்காற்று அடித்தாலோ முதலிலேயே வலப்பக்கம் புரளப் பார்க்கும். தேய்ந்த டிஸ்க் புரண்டே போய்விடும், புதுசு தாக்குப்பிடிக்கும். கான்சஸ் சமவெளியில் காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. யூட்டா போன்ற உயரமான இடங்களில் நிலைமை தலைகீழ். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. புது டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும், தேய்ந்ததுதான் கைகொடுக்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும். டெக்சஸ் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப்போனால் நெளிந்துவிடும். சொந்த ஊர் மைதானத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கூட, வாரம் ஒரு காற்றைப் படிக்கத் தெரியாவிட்டால் சுற்றில் நிலைக்க முடியாது. அதையும் அரைத் தூக்கத்தில், வேனில் படுத்தெழுந்த முதுகோடு செய்ய வேண்டும். இவர்களிடம் நான் மதிக்கும் திறமை இதுதான். தூர எறிதலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பணம் உச்சியில் இருக்கிறது. ஆறு முறை உலக சாம்பியனான பால் மெக்பெத், 2021-ல் டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அவருக்குத் தகும். அதே ஆண்டு யூட்டாவின் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியில், ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து கடைசிக் கூடைக்குள் எறிந்து அவரைச் சமன் செய்து, பிளே-ஆஃபில் பட்டத்தையும் பறித்தார். அந்த ஓர் எறி இந்த ஆட்டத்தையே அறியாதவர்களிடம்கூடப் போய்ச் சேர்ந்தது. நடுவரிசைக்காரரின் கணக்கு வேறு. நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பரிசுத் தொகை வழக்கமாகப் பாதிப் பேருக்குக்கூட எட்டுவதில்லை. பரிசு கிடைக்கும் இடங்களுக்குக் கீழே முடித்தால் பெட்ரோலும் சாப்பாடும் கைக்காசு. உள்ளூர்க் குடும்பம் ஒன்று அறை தந்தால் அந்த வாரம் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் வேன்தான். தன் பெயர் அச்சிட்ட டிஸ்க்குகளை விற்றும், ஊர் ஊராகப் பயிற்சி வகுப்பு எடுத்தும் ஈடுகட்டுகிறார்கள்.

இன்றைய சங்கிலிக் கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். அவ்வளவு ஆழமாக ஆளைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டம் இது. ஆனால் பற்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வண்டிக்குப் பெட்ரோல் போட முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பூங்காவில் சங்கிலிக் கூடை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஆடக் கட்டணம் கிடையாது. சுற்று உங்கள் பக்கம் வரும்போது, மாலையில் ஆடும் முன்னணியினரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலையிலேயே போங்கள், அப்போதுதான் நடுவரிசைக்காரர்கள் ஆடுவார்கள். பிடித்தவரிடமே நேரில் ஒரு டிஸ்க் வாங்குங்கள். வீட்டில் ஓர் அறை சும்மா இருந்தால் போட்டி நடத்துபவர்களிடம் சொல்லி வையுங்கள்.