சொட்டு எண்ணெய்

மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாற்பது ஆண்டுகளாக அரசியல்வாதிகளின் பேச்சுகளைச் செய்தியாக்கியதை விட இது பயனுள்ள காரியம் என்பது என் எண்ணம். தவிரவும், இதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. எழுதிவைத்தால் வேறு எவராவது அதனைத் தவிர்த்துக் கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது ஹொண்டா சி.டி. 125 பென்லி. இந்த வகை வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சங்கிலி முழுவதையும் மூடும் தகரக் கூட்டுடன் வருபவை. மழையும் தூசியும் உள்ளே போகாது. எண்ணெய் வெளியே தெறிக்காது. எனக்கு முன்னர் இதனை வைத்திருந்த இளைஞருக்கு அந்தக் கூடு அழகாகத் தோன்றவில்லை. கழற்றி எறிந்துவிட்டார். அவர் எறிந்த தகரத்துக்காக நான் பல ஆண்டுகள் குந்தியிருந்து எண்ணெய் விட வேண்டியதாயிற்று.

சங்கிலியில் எனக்கு அச்சம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின் பின்னர் கொழும்பு எங்கும் சோதனைச் சாவடிகள் பெருகியிருந்த காலம். கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்த அலுவலகத்தில் கடைசிப் பக்கத்தை ஒப்பேற்றிவிட்டு நுகேகொடைக்குத் திரும்பும்போது நள்ளிரவு கடந்துவிடும். அவ்வாறான ஓர் இரவில், பொரளையைத் தாண்டியதும் சங்கிலி அறுந்து வீதியில் விழுந்தது. (அப்போது என்னிடம் இருந்தது வேறு வண்டி.) வீதியோரம் கிடந்ததைத் தேடி எடுத்து, பையிலிருந்த மெய்ப்புத் தாள்களில் சுற்றி வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினேன். அடுத்த சாவடியில் டோர்ச் வெளிச்சம் முதலில் விழுந்தது என் கைகளில். இரண்டும் கரியும் கிறீசுமாக இருந்தன. அந்த நேரத்தில், அந்தக் காலத்தில், யாழ்ப்பாணம் என்று பிறந்த இடம் பதியப்பட்ட அடையாள அட்டையுடன், கறுத்த கைகளுடனும் தாளில் சுற்றிய கனமான இரும்புடனும் நிற்கும் ஒருவனை எவரும் உடனே போகவிட மாட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். என் சிங்களம் அன்று வழமையை விடவும் மோசமாக இருந்தது. வீடு சேர்ந்தபோது மூன்று மணி. மனைவி கேற்றடியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் பார்த்த மெக்கானிக் இரண்டு காரணங்கள் சொன்னார். சங்கிலி வரண்டு துருப்பிடித்திருந்தது. அத்துடன் இணைப்புக் கண்ணியின் கிளிப்பை எவரோ திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்தக் கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஏதாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். இந்தச் சிறு விடயத்தை அறியாதவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

நாம் இன்று காணும் உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டில் மன்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனோல்ட் என்ற சுவிற்சர்லாந்துக்காரர். ஊசி, அதன் மேல் ஒரு குழல், குழலின் மேல் ஓர் உருளை. இதுதான் ஒவ்வொரு கண்ணியும். பாவனையில் சங்கிலி 'இழுபட்டு விட்டது' என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஊசியும் குழலும் ஒன்றையொன்று தேய்த்துக் கொள்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழையளவு இடைவெளி. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் அது கூடும்போது சங்கிலி நீண்டுவிடுகிறது. நீண்ட சங்கிலி பற்சில்லின் பற்களில் சரியாக அமராது, பற்களைக் கொக்கி போல வளைத்துத் தின்றுவிடும். அதனால்தான் சங்கிலியை மட்டும் மாற்றாதே, இரண்டு பற்சில்லுகளையும் சேர்த்தே மாற்று என்கிறார்கள். புதிய வகைச் சங்கிலிகளில் கிறீஸை உள்ளே அடைத்து இரப்பர் வளையமிட்டு விடுகிறார்கள். அவற்றுக்கு உட்புறத்தில் எண்ணெய் தேவைப்படாது. ஆனால் வெளியே உருளைகளுக்கும் பற்களுக்கும் அந்த வளையங்களுக்கும் ஈரம் வேண்டும். என்னுடையது வளையமில்லாத பழைய வகை. அதற்கு எண்ணெய்தான் உயிர்.

தானாக எண்ணெய் விடும் யோசனை புதியதல்ல. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே சங்கிலிக்கு ஒரு சிறு வழி இருந்தது. 1969இல் வந்த ஹொண்டா சி.பி. 750இலும் முன் பற்சில்லின் தண்டு வழியாக எண்ணெய் கசியும் ஏற்பாடும், அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணியும் இருந்தன. இரப்பர் வளையச் சங்கிலி வந்ததும் தயாரிப்பாளர்கள் அதனைக் கைவிட்டார்கள். (எங்கள் அச்சகத்துச் சுழல் இயந்திரத்தின் அருகே எண்ணெய்க் குவளையுடன் சுற்றிவரும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வராத நாளில் இயந்திரத்தின் சத்தமே வேறாக இருக்கும். ஆசிரிய பீடத்தில் யார் வராவிட்டாலும் பத்திரிகை வெளிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.)

இனி 2022க்கு வருகிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பெற்றோல் வரிசைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். வீட்டிலிருந்த சிறிய காரை விற்றுவிட்டுப் பென்லியை மீண்டும் வீதிக்கு இறக்கினேன். சங்கிலி தேய்ந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கேட்ட விலைக்கு முன்னொரு காலத்தில் ஒரு பழைய வண்டியையே வாங்கியிருப்பேன். வேறு வழியின்றி வாங்கிப் பூட்டினேன். இனி இந்தச் சங்கிலி என்னுடனேயே முதுமை அடைய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாரம் ஒருமுறை நிலத்தில் குந்தி, சில்லைக் கையால் சுழற்றி, கண்ணி கண்ணியாக எண்ணெய் விடுவது அறுபத்தேழு வயதில் ஆகிற காரியமல்ல. குந்தினால் எழும்ப மனைவியைக் கூப்பிட வேண்டும். ஸ்கொட்லாந்தில் செய்யப்படும் ஸ்கொட்டொயிலர் என்ற கருவியைப் பற்றிப் படித்திருந்தேன். ஆனால் அந்த ஆண்டில் அதனை வருவிப்பதை நினைத்துப் பார்க்க முடியாது. அப்போதுதான் மருந்துக்கடையில் சேலைன் ஏற்றும் குழாய்த் தொகுதி கண்ணில் பட்டது.

அம்மா வைத்தியசாலையில் கிடந்த கடைசி வாரங்களில் அந்தச் சிறு கண்ணாடி அறையில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். 20 சொட்டுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று தாதி சொல்லித் தந்தது நினைவில் இருந்தது. (எண்ணெய்ச் சொட்டு அதை விடச் சிறியது, இந்தக் கணக்கு பொருந்தாது என்பதைப் பின்னர் கண்டுகொண்டேன்.) ஒரு பிளாஸ்டிக் போத்தலை ஆசனத்தின் கீழே கட்டினேன். குழாயைப் பின்கவையின் வழியே இறக்கி, முனையைச் சங்கிலியின் மேற்புறத்தில் நிறுத்தினேன். அளவைக் கூட்டிக் குறைக்கும் உருளைப் பூட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வண்டியை எடுக்கும்போது திறப்பது, நிறுத்தும்போது மூடுவது. செலவு மிகச் சொற்பம். மூன்று வாரம் அருமையாக வேலை செய்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன்.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. முதல் நாள் இரவு மழையில் நனைந்து வந்தவன் பூட்டை மூட மறந்துவிட்டேன். இரவு முழுவதும் எண்ணெய் இறங்கியிருக்கிறது. சங்கிலியிலிருந்து வழிந்து, சில்லின் விளிம்பில் ஓடி, ரயரின் ஒரு பக்கத்தைப் பூசியிருக்கிறது. முற்றம் மழை ஈரமாக இருந்ததால் நிலத்தில் கிடந்த எண்ணெயை நான் கவனிக்கவில்லை. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைக்குப் புறப்பட்டேன். எங்கள் ஒழுங்கை நேரானது. நேரே ஓடும்போது ரயரின் நடுப்பகுதிதான் வீதியைத் தொடும்; பக்கம் தொடாது. ஹைலெவல் வீதிக்குப் போக இடப்பக்கம் திரும்பி வண்டி சாய்ந்த அந்தக் கணத்தில்தான் எண்ணெய் பூசிய பக்கம் வீதியில் பட்டது. பின்சில்லு என்னைக் கேளாமலே போய்விட்டது. வேகம் பதினைந்து கிலோமீற்றர் கூட இருக்காது. நான் முழங்கை சிராய்ப்புடன் எழும்பினேன். மனைவியின் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கவில்லை என்பதைத் தவிர அன்றைய நாளில் நல்லது எதுவுமில்லை. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிச் சென்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. சமையல் என் பொறுப்பானது. அந்த ஆறு வாரமும் அவர் ஒரு சொல் குறைகூறவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் மாத்திரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, உந்தச் சேலைன் குழாயைக் கழட்டிப் போட்டியளோ?" என்று கேட்டார். கழற்றிவிட்டேன் என்றேன். உண்மையில் அப்போது கழற்றியிருக்கவில்லை. அன்று மாலையே கழற்றினேன். ஒன்றரை மாதத்தில் அந்தக் குழாய் எண்ணெயில் ஊறிக் குச்சி போல விறைத்திருந்தது. மறந்திருக்காவிட்டாலும் ஒரு நாள் அது வெடித்து இதே வேலையைத்தான் செய்திருக்கும்.

அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து வந்த தம்பியின் மகன் ஸ்கொட்டொயிலர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். "பெரியப்பா, இது தானா நிக்கும், மறக்க ஒண்டுமில்லை" என்றான். அதுதான் இதன் சூட்சுமம். என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய இணைப்பு எண்ணெய்க் கலனின் தலைக்கு வருகிறது. என்ஜின் ஓடும்போது அந்த உறிஞ்சல் உள்ளிருக்கும் சவ்வை இழுத்து வால்வைத் திறக்கும். என்ஜினை நிறுத்தினால் உறிஞ்சல் இல்லை; வால்வு தானே மூடிக்கொள்ளும். மனித ஞாபகத்துக்கு இதில் வேலையே இல்லை.

பொருத்தித் தந்தவர் தெல்கந்தவில் கராஜ் வைத்திருக்கும் பாஸ். உட்கொள் குழாயில் சிறு துளையிட்டு ஒரு பித்தளை முனை ஏற்ற வேண்டும் என்றதும் அவருக்கு மனம் வரவில்லை. "மாத்தயா, நல்ல என்ஜினில் ஓட்டை போடவா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரது தயக்கம் நியாயமானது. அந்த இணைப்பில் காற்றுக் கசிந்தால் பெற்றோல் கலவை மெலிந்து என்ஜின் நிதானமின்றி ஓடும். துளையிடும்போது தூள் உள்ளே போகாமலிருக்கக் குழாயைக் கழற்றி எடுத்தே துளைத்தார். பூட்டிய பின்னர் முனையைச் சுற்றி எண்ணெய் தடவி, என்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாறவில்லை.

எண்ணெய் விழும் இடத்தைத்தான் நான் முன்னர் பிழையாக வைத்திருந்தேன். சங்கிலியின் மேல் அல்ல, பின் பற்சில்லின் முகத்தில், கீழ்ப்புறமாக முனை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில்லு சுழலும்போது எண்ணெய் தானாகவே வெளிநோக்கிப் பரவிப் பற்களுக்கும் உருளைகளுக்கும் போய்ச்சேரும். சங்கிலியின் மேல் விட்டால் அதே சுழற்சி எண்ணெயை வெளியே எறிந்துவிடும்.

பின்னர் சொட்டுக் கணக்கு. நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் முக்காலியில் அமர்ந்து எண்ணினேன். (முக்காலி என்பது முன்னரே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.) காலையில் சரியாக வைத்த அளவு நடுப்பகல் வெயிலில் கூடிவிடுகிறது, சூட்டில் எண்ணெய் இளகிவிடும். வெப்பமான இடங்களுக்கென்று தடித்த எண்ணெயை அவர்களே தனியாக விற்கிறார்கள். நம் ஊருக்கு அதுவே பொருத்தம். சங்கிலியை விரலால் தொட்டால் மெல்லிய ஈரம் ஒட்ட வேண்டும். சில்லின் விளிம்பில் கோடு கோடாக எண்ணெய் தெறித்திருந்தால் அளவு அதிகம். உடனே குறைக்க வேண்டும்.

பூட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. சங்கிலியை அதன் பின்னர் ஒரே ஒரு தடவைதான் இறுக்க வேண்டி வந்தது. பாஸ் இப்போது இன்னும் இரண்டு பேருக்கு இதேபோலப் பூட்டிக் கொடுத்திருக்கிறார் என்று கேள்வி.

மனைவி மாவுக்கட்டு வெட்டிய பின்னர் பல மாதங்கள் பென்லியில் ஏறவில்லை. நானும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல் நாள், கரும்பு வாங்க வெள்ளவத்தைக்குப் புறப்பட்டபோது, தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஏறுவதற்கு முன்னர் ஒரு பழைய பத்திரிகைத் தாளை மடித்து, குனிந்து, பின் ரயரின் இரு பக்கத்தையும் துடைத்துப் பார்த்தார். தாளில் தூசிதான் இருந்தது. அன்று தொடங்கி ஒவ்வொரு முறையும் அப்படித்தான். துடைத்துப் பார்க்காமல் அவர் ஏறுவதில்லை. அவர் பார்த்து முடியும் வரை நான் என்ஜினை இயக்குவதுமில்லை.