திண்ணையை இடிக்கவில்லை

உத்திரமேரூர் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், தெருவைப் பார்த்து நீண்ட திண்ணை. “இடிச்சிட்டு டைல்ஸ் போடுங்க” என்றார்கள் சொந்தக்காரர்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இதுபோன்ற வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்று கூலி நெல் வாங்கியவர் எங்கள் ஆயா. திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இதே ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டை மக்களாட்சிக்குச் சான்றாகப் பள்ளியில் படித்தோம். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி உள்ளவர் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்கிறது அது. நம்மவர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாரர் கையில் இருந்ததை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அறிக்கையாகவே எழுதினார்.

அதனால் எதையும் இடிக்கவில்லை. தூண்களுக்கு எண்ணெய் பூசினோம். சுவருக்கு நீலம் அடித்தோம். கூடத்தில் அம்பேத்கர் படம், பக்கத்தில் ஆயாவின் கதிர் அரிவாள். பத்திரம் அம்மா பெயரில்.

மாலையில் காலனிப் பிள்ளைகள் திண்ணையில் படிக்கிறார்கள். நூறுநாள் வேலை முடிந்து வரும் பெரியம்மா ஒருவர் மட்டும் இன்னும் கீழ்ப்படியில்தான் உட்காருகிறார். தோழர்களே, அவர் கூசாமல் மேலே ஏறி உட்காரும் நாளில்தான் இந்த வீட்டு அலங்காரம் முடியும்.